ஒண்ட வந்த பிடாரிகள் தெரு

பிரிக் லேனுக்குப் பெயர் வைத்தவருக்குக் கற்பனை வளம் கிடையாது. லண்டன் கோட்டைச் சுவருக்குக் கிழக்கே களிமண் தோண்டிச் செங்கல் சுட்டார்கள். அதை ஏற்றிப் போகிற வழி இது. ஆகவே செங்கல் சந்து. 1666-இல் லண்டன் மாநகரம் எரிந்து சாம்பலானபோது, மரவீடு கட்டியவர்களெல்லாம் செங்கல்லுக்கு அலைந்தார்கள். ஊர் எரிந்ததில் லாபம் பார்த்த இடம் என்று இந்தத் தெருவின் ஜாதகத்தை ஆரம்பிக்கலாம்.

லண்டனில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். பணக்காரர்கள் இதை மூக்கால் கண்டுபிடித்து, மேற்கே வீடு கட்டிக்கொண்டு, நாற்றமடிக்கிற தொழில்களையெல்லாம் கிழக்கே தள்ளிவிட்டார்கள். தோல் பதனிட, சாயம் போட, பீர் காய்ச்ச எல்லாம் கிழக்கே போ. பிரிக் லேனிலேயே ட்ரூமன் பீர் ஆலை வந்தது. முந்நூறு வருஷம் அங்கேயே உட்கார்ந்து காய்ச்சியது. சுவருக்குள் தொழில் செய்ய வேண்டுமானால் கில்டு என்கிற தொழில் சங்கத்துப் பெரியவர்களின் தயவு வேண்டும். சுவருக்கு வெளியே அந்தக் கெடுபிடி குறைவு, வாடகையும் குறைவு, கப்பல்துறையும் நடக்கிற தூரம். ஊரைவிட்டு ஓடிவருகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பேட்டை வேறு எது?

இந்தத் தெருவைப் பற்றிச் சுற்றுலாத் துறையினர் ‘பல பண்பாடுகளின் சங்கமம்’ என்று எழுதுவார்கள். சங்கமமாவது, மண்ணாவது! ஒவ்வொரு கூட்டமும் அடித்துப் பிடித்து உள்ளே வந்தது. மூட்டையை இறக்கி மூச்சு விட்டதுமே, அடுத்து வருகிற கூட்டத்தைப் பார்த்து, ‘ஐயையோ, கண்டவனும் வந்து ஊரே கெட்டுப்போச்சு’ என்று கத்தியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பது நம்மூர்ப் பழமொழி. பிரிக் லேனில் ஊர்ப் பிடாரியே கிடையாது. ஒண்ட வந்த பிடாரி, அடுத்து ஒண்ட வந்த பிடாரியை விரட்டப் பார்த்த கதைதான் மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் பிடாரிகள் பிரெஞ்சுக்காரர்கள். புராட்டஸ்டண்டுகள் பிரான்சில் தங்கள் பாட்டுக்கு வாழலாம் என்று 1598-இல் நான்காம் ஹென்றி ஓர் ஆணை போட்டிருந்தார். தாத்தா கொடுத்ததைப் பேரன் பதினான்காம் லூயி 1685-இல் ரத்து செய்தார். ஹியூகனோக்கள் என்று பெயர் பெற்ற அந்த மக்களில் நாற்பது, ஐம்பதாயிரம் பேர் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்கள். அவர்களில் பட்டு நெசவாளிகள் பிரிக் லேனையும் அதை ஒட்டிய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியையும் பிடித்துக்கொண்டார்கள். வீட்டின் உச்சித் தளத்தில் வெளிச்சம் கொட்டுகிற மாதிரி அகலமான சன்னல், அதன் கீழ் தறி, தறிக்குப் பக்கத்தில் கூண்டில் கானரிக் குருவி. நாளெல்லாம் தறிச் சத்தத்தைக் கேட்கிறவனுக்குக் கொஞ்சம் சங்கீதமும் வேண்டாமா?

இங்கிலாந்து அவர்களைக் கட்டியணைத்தது என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். பிரிஸ்டல் உறுப்பினர் சர் ஜான் நைட் 1694-இல் நாடாளுமன்றத்தில் பேசியதைப் பாடப் புத்தகம் சொல்லாது. வெளிநாட்டுப் புராட்டஸ்டண்டுகளுக்குக் குடியுரிமை தருகிற மசோதா விவாதத்துக்கு வந்தது. பைபிளில் எகிப்தைப் பிடித்த தவளை வாதையோடு வந்தேறிகளை ஒப்பிட்டார் நைட். முதலில் மசோதாவைச் சபையைவிட்டு உதைத்துத் தள்ளுவோம், அப்புறம் அந்நியர்களை நாட்டைவிட்டு உதைத்துத் தள்ளுவோம் என்கிற ரீதியில் முழங்கினார். பேச்சு அச்சாகிப் பறந்தது. நாடாளுமன்றம் கோபப்பட்டு அந்த அச்சுப் பிரதியை எரிக்கச் சொன்னது. அப்படியே மசோதாவையும் கைவிட்டது. பேச்சை எரித்துவிட்டுப் பேசியவர் கேட்டதைக் கொடுத்துவிடுவது பழைய அரசியல் கலை.

தவளை என்று ஏச்சு வாங்கியவர்களுக்கு அடுத்தவன் வலி தெரிந்திருக்க வேண்டும். கால் நூற்றாண்டுதான் போனது. அவர்களே தெருவில் இறங்கி அடிக்கப் போனார்கள். யாரை? நம் துணியை உடுத்திய பெண்களை.

ஆம், இந்தத் தெருவுக்கு வந்த இரண்டாவது பிடாரி ஆள் அல்ல, துணி. கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாய் ஏற்றி அனுப்பிய பூப்போட்ட பருத்தி. அதைச் செய்கிற விதமே ஒரு வித்தை. துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்பார்கள். பூ வர வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். பிறகு சாயவேர் கொதிக்கிற அண்டாவில் முழுத் துணியையும் முக்கி எடுப்பார்கள். படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவப்பைக் கவ்விக்கொள்ளும். மிச்சத்தை அலசி வெயிலில் போட்டு வெளுத்துவிடலாம். துவைக்கத் துவைக்க அந்தச் சிவப்பு போகாது. பட்டைவிட விலை மலிவு, கம்பளியைப் போல அரிக்காது, மழையில் நனைந்தாலும் கவலையில்லை. லண்டன் சீமாட்டி உடுத்தினாள். அவளைப் பார்த்து வேலைக்காரியும் உடுத்தினாள். யார் எஜமானி, யார் பணிப்பெண் என்றே தெரியவில்லை என்று ஆண்கள் புலம்பினார்கள்.

நெசவாளிகளுக்கு வயிறு எரிந்தது. 1697-இல் கம்பெனி அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700-இல் இந்திய அச்சுத் துணி இறக்குமதிக்குத் தடை வந்தது. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? வெறும் வெள்ளைத் துணியாக இறக்கி, லண்டனிலேயே பூப்போட்டு விற்றான். சட்டத்தில் பெரிய ஓட்டை. துணியில் ஓட்டையே இல்லை. 1719 ஜூனில் கட்டு உடைந்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு நகருக்குள் போனார்கள். தெருவில் பூப்போட்ட கவுனைக் கண்டால் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், திராவகம் வீசினார்கள். சேலையைப் பிடித்து இழுக்கிற காட்சி நமக்கு மகாபாரதத்திலேயே பழக்கம். ஆனால் துச்சாதனனுக்குச் சேலையின் நெசவு மேல் பகை கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஆங்கிலேயரும் இருந்தார்கள், அகதி பிரெஞ்சுக்காரரின் பிள்ளைகளும் இருந்தார்கள். ‘அந்நியச் சரக்கு எங்கள் வயிற்றில் அடிக்கிறது’ என்று கத்துவதற்கு ஒரே தலைமுறை போதும் போலிருக்கிறது.

கலகக்காரர்கள் ஜெயித்தார்கள். 1721 சட்டப்படி அச்சடித்த பருத்தியை உடுத்துவதே குற்றம். அபராதம் 5 பவுன். அதுவும் காட்டிக்கொடுத்தவருக்கே போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்காரியின் பாவாடையை உற்றுப் பார்ப்பதற்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்த காலம். அரை நூற்றாண்டு கழித்து, 1774-இல்தான் இந்தக் கூத்து முடிந்தது. அதற்குள் இங்கிலாந்துக்காரர்கள் பருத்தியைத் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். பிறகு நம் நெசவாளிகளுக்கு என்ன ஆனது என்பது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதையல்ல.

அடுத்து வந்தவர்கள் ஐரிஷ்காரர்கள். ஷோர்டிட்ச் மாதாகோயில் கட்டும் வேலைக்கு உள்ளூர் ஆளைவிடக் குறைந்த கூலிக்கு வந்தார்கள் என்று 1736-இல் ஒரு கலவரம். ஐரிஷ் மதுக்கடைகளின் சன்னல்கள் நொறுங்கின. சாமிக்குக் கோயில் கட்டக் கூலி குறைவாய் வாங்கியதற்கு அடி வாங்கிய பக்தர்கள்! ஆனால் ஒரு தலைமுறை போனதும் ஐரிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கூட்டுச் சேர்ந்தார்கள். கூலியைக் குறைத்த முதலாளிகளின் தறியில் ஏறியிருந்த பட்டை இரவோடு இரவாக அறுத்துப் போட்டார்கள். 1769 டிசம்பரில் பெத்னல் கிரீனில், சால்மன் அண்டு பால் என்கிற மதுக்கடையின் வாசலில், இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒருவர் பெயர் டாயில், இன்னொருவர் பெயர் வலீன். பெயரிலேயே தெரிகிறது, ஒன்று அயர்லாந்து, ஒன்று பிரான்ஸ். இந்த வட்டாரத்தின் முதல் சமூக நல்லிணக்கம் ஒரே தூக்குமரத்தில் நடந்தேறியது. மதுக்கடை இன்னும் இருக்கிறது.

ஃபோர்னியர் தெருவும் பிரிக் லேனும் சேரும் மூலையில் ஒரு கட்டடம் உண்டு. 1743-இல் ஹியூகனோக்கள் தங்கள் தொழுகைக்குக் கட்டியது. சுவர் உச்சியில் ஒரு சூரியக் கடிகாரம். வெயில் எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஊரில் சூரியக் கடிகாரம் வைத்தவர்களின் நம்பிக்கையை நான் மெச்சுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் காசு சேர்த்து வேறிடம் போனதும், 1809-இல் யூதர்களைக் கிறிஸ்தவர்களாக்கும் சங்கம் ஒன்று இதை எடுத்துக்கொண்டது. பத்து வருஷத்தில் அவர்கள் காலி செய்ய, மெத்தடிஸ்டுகள் வந்தார்கள். 1898-இல் யூதர்கள் வந்தே விட்டார்கள். மதம் மாற அல்ல, கட்டடத்தையே ஜெப ஆலயமாக மாற்ற. மதமாற்றம் நடந்தது, ஆனால் மாறியது கட்டடம். 1976-இல் அதுவே பள்ளிவாசலாகி, இன்று ஜாமிஆ மஸ்ஜித். நம்மூரில் ஒரே கட்டடம் இத்தனை மதம் மாறியிருந்தால் எத்தனை வழக்கு, எத்தனை தேர்தல்! இங்கே வாங்கினார்கள், விற்றார்கள், வெள்ளையடித்தார்கள், அவ்வளவுதான்.

யூதர்கள் பெருங்கூட்டமாக வந்தது 1881-க்குப் பிறகு. ரஷ்யப் பேரரசர் குண்டு வீச்சில் செத்தார். பழி யூதர்கள்மேல் விழுந்தது. ஊர் ஊராக அடித்துத் துரத்தினார்கள். 1914-க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டன் வந்து, அவர்களில் பெரும்பங்கினர் கிழக்கு லண்டனில் அடைந்தார்கள். தையல் மிஷின் ஓடாத மாடி இல்லை. பெல் லேனில் இருந்த யூத இலவசப் பள்ளியில் 1900 வாக்கில் 4,000-க்கும் மேல் பிள்ளைகள்.

இவர்கள் வருகையால் அதிகம் பதறியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஏற்கெனவே லண்டனில் வேரூன்றி, கோட்டும் தொப்பியுமாய்க் கனவான்களாகிவிட்ட யூதர்கள். தாடியும் இத்திஷ் பேச்சுமாய்க் கப்பலைவிட்டு இறங்குகிற உறவுக்காரர்களைப் பார்த்து அவர்களுக்கு வியர்த்தது. யூத ஏழைகளுக்கு உதவவென்றே இருந்த அவர்களின் காப்பாளர் வாரியம், கிழக்கு ஐரோப்பியப் பத்திரிகைகளில் ‘இங்கே வராதீர்கள், வேலை கிடையாது’ என்று விளம்பரமே கொடுத்தது. வந்தவர்களில் பலருக்குத் திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தது. கல்யாணத்துக்கு வந்த ஏழைச் சித்தப்பாவின் கையில் முதல் பந்தி முடிந்ததும் பஸ் காசைத் திணிப்பார்களே, அந்தப் பாசம்.

வந்தவர்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. 1904-இல் யோம் கிப்பூர் நோன்பு நாளன்று பக்தர்கள் பட்டினியாய்ப் பிரிக் லேனில் திரண்டிருக்க, யூத நாத்திகர்களும் சோஷலிஸ்டுகளும் சாப்பாட்டு வண்டியை அவர்கள் நடுவே ஓட்டினார்கள். கிரகண நேரத்தில் தெருவில் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டுக் காட்டுகிற நம்மூர்ப் பகுத்தறிவாளர்களுக்கு இது எளிதாய்ப் புரியும். பட்டினி வயிற்றுக்குப் புரியவில்லை. கல் பறந்தது, போலீஸ் வந்தது. மறுவருஷமே, அந்நியர்களைத் துறைமுகத்தில் தடுக்கிற 1905 சட்டம் வந்தது. சாப்பாட்டு வண்டிக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. யூதர்கள் வருவதை நிறுத்து என்று ஸ்டெப்னி உறுப்பினர் எவன்ஸ் கோர்டனும் அவர் கூட்டமும் பல வருஷமாய்ப் போட்ட சத்தத்தின் பலன் அது.

பக்கத்தில் பெட்டிக்கோட் லேன். உள்பாவாடைச் சந்து என்கிற பெயரைச் சொல்லக் கூசிய பெரிய மனிதர்கள் 1830 வாக்கில் அதை மிடில்செக்ஸ் தெரு ஆக்கினார்கள். ஒருவரும் சட்டை செய்யவில்லை; இன்றுவரை பெட்டிக்கோட் லேன்தான். சந்தின் ஒரு முனையில் உங்கள் பாவாடையை உருவி, மறுமுனையில் உங்களுக்கே விற்பார்கள் என்பது அந்தக் காலத்து ஜோக். புதுப்பேட்டைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். யூத வியாபாரிகளுக்குச் சனிக்கிழமை ஓய்வு, ஆகவே ஞாயிறு சந்தை. பீங்கான் விற்பவர் தட்டு, கோப்பை, கிண்ணம் என முழுச் செட்டையும் வானத்தில் வீசிப் பிடித்துக் காட்டுவார். ஞாயிறன்று ஊரே சர்ச்சில் இருக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு திருவிழாவா என்று அதிகாரிகளுக்கு எரிச்சல். கூட்டத்தைக் கலைக்க, மணியை அடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டிகளைச் சந்துக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். தீ இல்லை, புகைச்சல் மட்டும் இருந்தது. கடைசியில் 1936-இல் நாடாளுமன்றமே சந்தையைச் சட்டத்தால் காப்பாற்றியது.

அதே 1936 அக்டோபர் 4-இல் மோஸ்லி என்கிற அரசியல்வாதியின் கருஞ்சட்டைப் பாசிஸ்டுகள் கிழக்கு லண்டனில் ஊர்வலம் போகப் பார்த்தார்கள். யூதத் தையல்காரர்களும் ஐரிஷ் கப்பல்துறைத் தொழிலாளிகளும் சேர்ந்து கேபிள் தெருவில் தடுப்பு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். (கருஞ்சட்டை என்றதும் தமிழ் வாசகர் குழம்ப வேண்டாம், சட்டை மட்டும்தான் ஒன்று.)

யூதர்களும் காசு சேர்த்து வடக்கு லண்டனுக்குப் போனார்கள். இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் பேகல் கடையை மட்டும் விட்டுப் போனார்கள். அவர்கள் விட்ட தையல் மிஷினில் வந்து உட்கார்ந்தவர்கள் இன்றைய பங்களாதேஷில் இருக்கிற சில்ஹெட்டுக்காரர்கள். பிரிட்டிஷ் கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போடுகிற லஸ்கர் வேலைக்குச் சில்ஹெட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாய் ஆள் போனது. கொதிக்கிற கொப்பறைப் பக்கம் நின்றவனுக்கு லண்டன் குளிர் சொர்க்கமாய்த் தெரிந்திருக்கும். கப்பல் கரையைத் தொட்டதும் சிலர் இறங்கினார்கள், திரும்ப ஏறவில்லை. அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, போலீஸ் பதிவுக்குக் கூட்டிப் போய், படுக்க இடமும் கொடுத்தவர் அயூப் அலி மாஸ்டர். அவரும் கப்பலிலிருந்து நழுவியவர்தான். எழுபதுகளில் மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே சிரிப்புக்கு இடமில்லை. 1978 மே 4 மாலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அல்தாப் அலி என்கிற இளம் தையல் தொழிலாளி தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் சுமார் 7,000 பேர் பிரதமர் வீட்டுத் தெருவரை நடந்தார்கள். ஞாயிறுதோறும் பிரிக் லேன் முனையில் நின்று பத்திரிகை விற்ற நேஷனல் ஃப்ரண்டு என்கிற இனவெறிக் கட்சி ஆட்களின் மூலையிலேயே போய் உட்கார்ந்து இடத்தைப் பிடித்தார்கள். அந்த வட்டாரப் பூங்கா இன்று அல்தாப் அலி பூங்கா.

பின்பு தெருவுக்கு ‘பங்களா டவுன்’ என்று பெயர் சூட்டி, விளக்குக் கம்பத்துக்கெல்லாம் பச்சையும் சிவப்பும் அடித்து, பெயர்ப் பலகையை வங்காள மொழியிலும் எழுதி, வளைவும் கட்டினார்கள். வந்தேறியின் சாப்பாடு நாறுகிறது என்றவர்களின் பேரப்பிள்ளைகள் அதே சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். பலகையில் ‘இந்தியன்’, சமைப்பவர் பங்களாதேஷி, மெனுவில் ‘மெட்ராஸ்’. மெட்ராஸ் என்பது அங்கே ஊரல்ல, கார அளவு. கோர்மாவுக்கு மேலே, விண்டலூவுக்குக் கீழே. சென்னைக்கே தெரியாமல் சென்னையின் பெயரில் பல பத்தாண்டுகளாக ஒரு குழம்பு விற்கிறது. சாயவேர்த் துணியை விரட்டிய தெருவில் குழம்பு உருவில் திரும்ப நுழைந்துவிட்டோம் என்று பெருமைப்படலாம். ஆனால் அதை ஒரு வாய் தின்று பார்த்தால் அந்தப் பெருமை வேண்டாம் என்று தோன்றும்.

அடுத்த பிடாரிகள் தாடி வைத்த இளைஞர்கள். பீர் ஆலை மூடியதும் அதன் கூடங்களில் கலைக்கூடம், பழைய துணிக்கடை, விலை ஏறிய காபி. 2014-இல் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த இரட்டையர் இருவர், கார்ன்ஃப்ளேக்ஸ் வகையறாவை மட்டும் கிண்ணம் 3 பவுனுக்கும் மேல் விற்கிற கடை போட்டார்கள். வீட்டில் அம்மா அவசரத்துக்குக் கொட்டிக் கொடுக்கிற பண்டம்! மறுவருஷம் செப்டம்பரில் ‘ஏழைகளை விரட்டுகிறீர்கள்’ என்று ஒரு கூட்டம் வந்து கடைமேல் சாயம் வீசியது. 1736-இல் மலிவாய் வேலை செய்ததற்கு ஐரிஷ்காரனை அடித்தார்கள். 2015-இல் விலை அதிகமாய் விற்றதற்கு. கடை 2020-இல் கொரோனாவில் மூடியது. சாயத்தால் ஆகாததைக் கிருமி செய்தது.

வாடகை ஏற ஏறக் கறிக்கடைகளும் சாய்ந்தன. 2000-களின் நடுவில் அறுபது வாக்கில் இருந்தவை, 2020-இல் 23. வாசலில் நின்று ‘20 சதவீதம் தள்ளுபடி, பீர் இலவசம்’ என்று கையைப் பிடித்து இழுத்தும் பலனில்லை. வாடகையைவிடப் பெரிய தலைவலி சமையல்காரர் பஞ்சம். பிள்ளைகள் படித்துக் கணக்காளர்களாகிவிட்டார்கள். பங்களாதேஷிலிருந்து ஆளைக் கூட்டிவரலாம் என்றால் விசா விதி முட்டுக்கட்டை போட்டது. ஆண்டுச் சம்பளம் இவ்வளவு கொடுத்தாக வேண்டும், பார்சல் கட்டிக் கொடுக்கிற கடைக்கு ஆள் கூட்டிவரும் சலுகை கிடையாது என்றெல்லாம் அப்போது விதி இருந்தது. பார்சல் கட்டாத கறிக்கடை பிரிட்டனில் எங்கே இருக்கிறது?

இந்தச் சமையல்காரர் பஞ்சத்துக்கு நடுவில்தான் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பு வந்தது. ‘கறிக்கடைகளைக் காப்பாற்றுவோம்’ என்று பிரெக்ஸிட் ஆதரவு அரசியல்வாதி பிரீத்தி படேல் பிரசாரம் தொடங்கினார். ஐரோப்பியர்கள் கேள்வியில்லாமல் வருவதால்தான் உங்கள் சமையல்காரருக்கு இடமில்லை. போலந்துக்காரனுக்குக் கதவைச் சாத்தினால் சில்ஹெட்டுக்காரனுக்குக் கதவு திறக்கும் என்பது வாதம். பங்களாதேஷ் உணவகச் சங்கத்தின் முன்னணிப் பிரமுகர்கள் உள்பட, கறிக்கடைக்காரர்கள் பலர் நம்பி வெளியேறும் பக்கம் நின்றார்கள். லஸ்கரின் பேரன், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவனைத் தடுக்க ஓட்டுப் போட்டான்.

கதவு சாத்தப்பட்டது. இன்னொன்று திறக்கவில்லை. 2020-இல் புள்ளிக் கணக்கு பார்த்து ஆள் எடுக்கும் புதிய குடியேற்றத் திட்டத்தை அறிவித்த உள்துறை அமைச்சர் வேறு யாருமல்ல, அதே பிரீத்தி படேல். உகாண்டாவிலிருந்து வந்து குடியேறிய குஜராத்திகளின் மகள். இந்த விதிப்படி உங்கள் அப்பா அம்மா உள்ளே வந்திருக்க முடியுமா என்று வானொலிப் பேட்டியில் கேட்டார்கள். முடியாமல் போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். பிரிக் லேனில் இன்னும் சமையல்காரர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.